குட்டி வீரர்களுக்குத் தங்கக் கவசம் பூசிய கதை

மேசையில் ஐந்து காவலர்கள். 32 மில்லிமீட்டர் அளவு பிளாஸ்டிக் மினியேச்சர்கள். தலை முதல் கால் வரை கவசம், கையில் நீண்ட ஈட்டி, இடது தோளில் சிங்கமுகம், முதுகில் தரை வரை இறங்கும் அங்கி. கவசம் முழுக்கத் தங்கம் என்று முடிவு செய்தாயிற்று. இப்படிப்பட்ட குட்டி வீரர்களைப் படையாக நிறுத்தி மேசையில் விளையாடும் வார்கேமிங்கில் தங்கப் படை ஒன்றும் புதிதில்லை. 2015-இல் ஏஜ் ஆஃப் சிக்மார் என்ற விளையாட்டு வந்தபோது முதல் பெட்டியிலேயே தங்கக் கவசம் போட்ட ஸ்டார்ம்காஸ்ட் எடர்னல்ஸ் என்ற வீரர்கள் இருந்தார்கள். அந்தப் பெட்டியோடு இந்தப் பக்கம் வந்தவர்கள் கையில் முதலில் ஏறிய மெட்டாலிக் பெயின்ட்டும் தங்கமாகவே இருந்திருக்கும்.

ஆனாலும் விளையாட்டு மேசையில் அணிவகுத்து நிற்கும் தங்கப் படைகளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், தங்கமாகத் தெரிபவை குறைவு. மினுமினுக்கும் மஞ்சளாகத் தெரிபவைதான் அதிகம். பெயின்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவில் பூசி விட்டுவிடுவதால் வரும் வினை அது. இந்த ஐந்து பேருக்காக நான் செலவழித்த நேரத்தில் பாதிக்கு மேல், பூசிய தங்கத்தை மறைப்பதில்தான் போனது. எதை மறைப்பது, எதை விட்டுவைப்பது என்பதுதான் இந்த வேலையே.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான் வருகிறது. சாதாரண அக்ரிலிக் பெயின்ட்டில் நிறமித் தூள் பிசினில் கலந்திருக்கும். மெட்டாலிக்கில் அந்தத் தூளோடு, அல்லது அதற்குப் பதிலாக, தட்டையான செதில்கள் இருக்கும். பெரும்பாலும் அபிரகச் செதில்கள். அவற்றின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் மெல்லிய படலமாக ஏறியிருக்கும். தங்கநிறம் அந்தப் படலத்தால் வருவது. சில வகைகளில் அலுமினியச் செதில்களோடு மஞ்சள் நிறமி சேர்த்திருப்பார்கள். ஆல்கஹாலில் கலந்த தங்கங்களும் உண்டு. செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத் தூள் அவற்றில் இருப்பதுண்டு. பூசினால் அசல் உலோகம் மாதிரியே இருக்கும், மறுக்க முடியாது. ஆனால் தண்ணீரோடு சேராது, பிரஷ் கழுவவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும், வாடை வேறு. ஐந்து பேருக்காக அத்தனை தொல்லை வேண்டாம் என்று தண்ணீர்வகை அக்ரிலிக்கிலேயே நின்றுகொண்டேன்.

செதிலின் அளவைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண அபிரகச் செதில் 10 முதல் 60 மைக்ரான் வரை இருக்கும். மினியேச்சரை 1/56 அளவு என்று வைத்துக்கொண்டால், 50 மைக்ரான் செதில் ஒன்று நிஜ மனிதனின் கவசத்தில் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் ஆகிறது. அதாவது தகட்டுக் கவசம் போட்டுக்கொண்டு வந்த வீரன், ஜிகினா தூவிய அட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவன் போலத் தெரிவான். வாங்கிய தங்கம் நைஸானதா என்று பார்க்க, வழவழப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டைத் தேய்த்துக் காயவிட்டு, விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் போதும். புள்ளி புள்ளியாக மின்னினால் கரடு. ஒரே பரப்பாக வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனால் நைஸ். நான் அடிப்பூச்சுக்கு எடுத்தது சிட்டாடெல் பிராண்டின் ரெட்ரிபியூட்டர் ஆர்மர். கொஞ்சம் சிவப்பு கலந்த, சூடான தங்கம். மறைக்கும் சக்தியும் பரவாயில்லை.

உருவத்தைத் தயார்படுத்துவதில் வழக்கத்தைவிடக் கூடுதல் கறார் தேவை. வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் அச்சுக் கோடு வேறு நிறத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும், தங்கத்தின் கீழ் பளிச்சென்று எழும்பி நிற்கும். ஒளியைப் பிரதிபலிக்கும் பரப்பில் ஒரு மேடு இருந்தால் அது முதல் ஆளாக ஒளியைப் பிடித்துக்கொள்ளும். கத்தியின் முதுகால் சுரண்டி, அப்புறம் 600, 1000 எண் உப்புத்தாளால் தேய்த்தேன். கால் கவசத்தின் பக்கவாட்டையும் தலைக்கவசத்தின் உச்சியையும் விரல் நுனியால் தடவிப் பார்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பிரைமர் ஸ்பிரேயும் மணல் மணலாக விழக்கூடாது. ரொம்பத் தள்ளிப் பிடித்து அடித்தால் பெயின்ட் காற்றிலேயே பாதி காய்ந்து, தூளாக வந்து உட்காரும். அந்தச் சொரசொரப்பின் மேல் செதில்கள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்து படுக்கும், பளபளப்புக்குப் பதில் மினுமினுப்புதான் மிஞ்சும்.

அடிநிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை செய்தேன். பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் கறுப்பு, சாம்பல், செம்பழுப்பு, காவிமஞ்சள் என்று நான்கு பட்டை பூசி, எல்லாவற்றின் மேலும் அதே தங்கத்தை இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுத்தேன். செதில்களுக்கு இடையில் உள்ள பிசின் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் கீழே இருப்பது மேலே எட்டிப் பார்க்கத்தான் செய்யும். கறுப்பின் மேல் தங்கம் குளிர்ந்து, லேசாகப் பச்சை தட்டியது. சாம்பலின் மேல் உயிரே இல்லை. காவிமஞ்சளின் மேல் பிரகாசமாக இருந்தது, ஆனால் ஆழம் இல்லை. செம்பழுப்பு ஜெயித்தது. இது என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. மரச் சட்டங்களிலும் சிற்பங்களிலும் தங்க இலை ஒட்டுபவர்கள் பல நூற்றாண்டுகளாக அடியில் சிவந்த களிமண்ணைப் பூசி, அதன் மேல்தான் இலையை ஒட்டி மெருகேற்றுகிறார்கள். இலை எங்காவது தேய்ந்தாலும் கீழிருந்து அந்தச் சிவப்பு எழும்பி, தங்கத்தை இன்னும் சூடாகக் காட்டும்.

ஆக கறுப்புப் பிரைமர், அதன் மேல் கவசம் முழுக்கச் செம்பழுப்பு. பள்ளங்களில் கறுப்பு கொஞ்சம் தங்கிவிட்டால் தங்கட்டும், பின்னால் அதுவும் நிழல் கணக்கில் சேரும்.

வேலையில் உட்காருவதற்கு முன் சில ஏற்பாடுகள். செதில்கள் கனமானவை, குப்பியின் அடியில் படிந்து கிடக்கும். உள்ளே இரண்டு துருப்பிடிக்காத எஃகு மணிகளைப் போட்டு நன்றாகக் குலுக்கினேன். அப்படியும் அடியில் ஒட்டியிருந்ததைப் பல்குச்சியால் கிளறிவிட வேண்டியிருந்தது. மெட்டாலிக்குக்கு என்று தனிப் பிரஷ், செயற்கை முடிப் பிரஷ்தான். செதில்கள் பிரஷ்ஷின் உலோகக் கழுத்துக்குள் போய் உட்கார்ந்து நுனியைப் பிளக்கும், அதற்கு விலையுயர்ந்த சேபிள் (விலங்கு முடி) பிரஷ்ஷைப் பலி கொடுக்க மனம் வரவில்லை. தண்ணீர்க் கிண்ணமும் தனி. தங்கம் கழுவிய தண்ணீரில் வேறு பிரஷ்ஷை முக்கினால் அங்கி, முகம் எல்லாவற்றிலும் மினுக்கம் ஏறிவிடும். அதை எடுக்கவே முடியாது, மேலே பூசி மறைக்கத்தான் முடியும். பெயின்ட் காயாமல் இருக்க அடியில் ஈரம் வைத்த கலவைத் தட்டான ஈரப் பேலட்டும் வேண்டாம். அதில் உறிஞ்சி வரும் தண்ணீர் பிசினை நீர்த்துப்போகச் செய்து, செதில்களைத் தனியே மிதக்க விட்டுவிடும். ஒரு பீங்கான் ஓட்டுத் துண்டு போதும். அதே காரணத்துக்காக பெயின்ட்டை நீர்க்க வைக்கவும் வெறும் தண்ணீரை நம்பவில்லை. மூன்று பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு மீடியம் (நிறமில்லாத பிசின்), கூடவே பிரஷ்ஷில் இருக்கும் ஈரம், அவ்வளவுதான்.

தங்கம் பூசும்போது கை சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு தோள்கவசத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். வட்டமான தட்டு, ஓரத்தில் தடித்த விளிம்பு, நடுவில் சிங்கமுகம். பிரஷ்ஷில் எடுத்ததில் பாதியை டிஷ்யூவில் ஒற்றிவிட்டு, தட்டின் மேல்பகுதியில் தொடங்கி விளிம்பு வரை ஒரே திசையில் இழுத்தேன். செதில்கள் ஈரம் இருக்கும்வரை பிரஷ் போன வழியில் சாய்ந்து படுக்கின்றன. காயத் தொடங்கியபின் அதே இடத்தில் மறுபடி பிரஷ்ஷை வைத்தால், படுத்திருந்தவை எழுந்து குறுக்கே நிற்கும், அந்த இடம் மட்டும் கரிந்த மாதிரி மங்கும். விட்ட இடம் விட்டதாகவே இருக்கட்டும், அடுத்த பூச்சு பார்த்துக்கொள்ளும். முதல் பூச்சு முடிந்ததும் தட்டு திட்டுத் திட்டாக, பார்க்கவே சகிக்காமல் இருந்தது. அது அப்படித்தான் இருக்கும். முழுக்கக் காய்ந்தபின் அதே திசையில் இன்னொரு பூச்சு, தட்டு மூடிவிட்டது. சிங்கத்தின் பிடரி மடிப்புகளுக்குள் மட்டும் தங்கத்தைத் தள்ளவில்லை. அங்கே செம்பழுப்பு அப்படியே நின்றது.

கால்கவசத்தில் மேலிருந்து கீழ், மார்புக்கவசத்தில் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டுக்கு. நிஜக் கவசத்தை மெருகேற்றுபவன் எந்தப் பக்கம் தேய்த்திருப்பான் என்று யோசித்தாலே பிரஷ்ஷின் திசை கிடைத்துவிடும்.

இப்போது ஐவரும் நன்றாக மின்னினார்கள். படம் எடுத்துப் பார்த்தால் ஒருவனுக்கும் முழங்கை எது, இடுப்பு எது என்று தெரியவில்லை. பலர் இந்த இடத்தில் ‘முடிந்தது’ என்று பிரஷ்ஷைக் கழுவிவிடுவார்கள். எனக்கு வேலை இங்கேதான் தொடங்கியது.

தங்கம் நீல ஒளியை விழுங்கிக்கொண்டு மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் அந்த நிறம். ஒளி ஒரு தங்கப் பரப்பில் பட்டு, எதிரே இருக்கும் இன்னொரு தங்கப் பரப்பில் மோதி, அப்புறம் நம் கண்ணுக்கு வந்தால், ஒவ்வொரு மோதலிலும் நீலம் இன்னும் குறையும். நிறம் மேலும் மேலும் சிவந்துகொண்டே போகும். மெருகிட்ட தங்கக் கிண்ணத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் செக்கச்செவேல் என்று இருப்பது இதனால்தான். கவசத்தில் அக்குள், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடுக்கு, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் அந்தக் கிண்ணத்தின் உட்புறம்தான். அங்கே கறுப்பைக் கொண்டுபோய் வைத்தால் அழுக்காகத் தெரியும், செம்பழுப்பை வைத்தால் தங்கம் ஆழமாகத் தெரியும்.

பள்ளங்களில் ஓடி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்டான வாஷ்ஷுக்கு எடுத்தது ரெய்க்லேண்ட் ஃபிளெஷ்ஷேட். தோல்நிறத்துக்கு என்று விற்கிறார்கள், ஆனால் தங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமானது என் மேசையில் இல்லை. சிவப்பு கலந்த பழுப்பு. அக்ராக்ஸ் எர்த்ஷேட் போட்டால் கவசம் போரில் புரண்டு எழுந்ததாகத் தெரியும். அழுக்கான வீரன் வேண்டும் என்றால் அதுவும் சரிதான். நுல்ன் ஆயில் மாதிரிக் கறுப்பு வாஷ்ஷை நான் தங்கத்தின் பக்கமே கொண்டுவருவதில்லை, அதை எஃகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உருவம் முழுவதையும் வாஷ்ஷில் குளிப்பாட்டுவது வேகமான வழி. நாற்பது பேர் படைக்கு அது போதும். அப்படிச் செய்யும்போது பரந்த தட்டுகளில் வாஷ் குட்டை கட்டி, காய்ந்தபின் ஓரத்தில் கறைவளையம் விடும். ஐந்தே பேர் என்பதால் இடம் பார்த்து வைத்தேன். நுனி கூரான பிரஷ்ஷில் கொஞ்சம் எடுத்து, தகட்டின் இடுக்கில் வைத்து, இன்னொரு ஈரப் பிரஷ்ஷால் மேட்டுப் பக்கம் வரும் ஓரத்தை மட்டும் இழுத்துக் கரைத்துவிடுவது. ஒரு தகடு ஒரு நேரத்தில். இடுக்கில் அடர்ந்து, மேலே வர வர மெலிந்து மறைய வேண்டும். மார்புக்கவசத்தின் கீழ்ப்பாதியிலும் தொடைக்கவசத்தின் உட்புறத்திலும் காய்ந்தபின் இன்னொரு முறை. மிக ஆழமான இடங்களில், அதாவது அக்குளிலும் இடுப்பு வாருக்கு அடியிலும், ட்ரூச்சி வயலட்டில் ஒரு துளி. ஊதா மஞ்சளுக்கு எதிர்நிறம், அதனால் பக்கத்தில் இருக்கும் தங்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். தனியாகப் பார்த்தால் ஊதா என்றே தெரியாது, தெரியவும் கூடாது.

வாஷ் இன்னொரு உதவியும் செய்கிறது. காய்ந்தால் அது மங்கலாகத்தான் இருக்கும். நிழலில் இருக்கும் செதில்களின் மினுக்கத்தை அது அமுக்கிவிடுகிறது. மெட்டாலிக் பெயின்ட்டின் பெரிய தொல்லையே, உருவத்தைக் கையில் திருப்பும்போது நிழலான இடமும் திடீரென்று மின்னி வேஷம் கலைந்துவிடுவதுதான். இருட்டாக இருக்க வேண்டிய இடம் எந்தக் கோணத்திலும் மின்னக்கூடாது. வாஷ் போதாத இடங்களில் பளபளப்பு இல்லாத மேட் மீடியத்தில் கலந்த செம்பழுப்பை, கீழ்நிறம் தெரியும் மெல்லிய கிளேஸாக ஏற்றினேன்.

அடுத்து வெளிச்சம். முதலில் அதே அடித்தங்கத்தால் மேட்டுப் பகுதிகளை மட்டும் மறுபடி எழுப்பினேன். அப்புறம் தங்கம் இரண்டு பங்கு, வெள்ளி ஒரு பங்கு. கடைசியில் கிட்டத்தட்ட முழு வெள்ளி. ஸ்டார்ம்ஹோஸ்ட் சில்வர் இதற்கு நன்றாக உழைத்தது. தங்கத்தில் வெள்ளி என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் விளக்கு நேராகப் படும் இடத்தில் நிஜத் தங்கமும் கண் கூசும் வெளுப்பாகத்தான் தெரியும். வெள்ளைப் பெயின்ட்டைக் கலந்தால் செதில்களை மறைத்துவிடும், தங்கம் பால் கலந்த மாதிரி ஆகும். வெளுக்க வேண்டும், மின்னவும் வேண்டும் என்றால் வெள்ளிதான் வழி.

வெள்ளியை எங்கே வைப்பது என்பதில் வடிவம்தான் எஜமான். தலைக்கவசம் உருண்டை, ஆகவே மேலே இடப்பக்கம் ஒரே ஒரு புள்ளி, அதைச் சுற்றி வெள்ளி கலந்த தங்கம். கால்கவசமும் கைக்கவசமும் உருளை, அவற்றில் நெடுக ஒரு கோடு. தட்டையான மார்புத் தகட்டில் மேல்மூலையில் தொடங்கி கீழே வர வர மங்கும் பட்டை. விளக்கு இடப்புறம் மேலே என்று ஐவருக்கும் ஒரே முடிவு. குழப்பம் வந்தால், பூசாத ஒரு கறுப்பு மினியேச்சருக்குப் பளபளப்பு வார்னிஷ் அடித்து விளக்கடியில் வைத்துப் பார்க்கலாம். வெளிச்சம் எங்கெங்கே உட்காருகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். தகட்டு விளிம்புகளுக்குப் பிரஷ்ஷின் நுனியை விட்டுவிட்டுப் பக்கவாட்டை வைத்து இழுத்தேன். விளிம்பு தானே பெயின்ட்டை வாங்கிக்கொள்ளும், கை நடுங்கினாலும் தெரியாது. கீழ்நோக்கி இருக்கும் விளிம்புகளுக்கு வெள்ளி கிடையாது.

இதெல்லாம் செய்தபின் எண்ணிப் பார்த்தால், தோள்கவசத்தில் வெறும் அடித்தங்கமாக மிஞ்சியது மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதி பழுப்பும் வெள்ளியும். தள்ளி வைத்துப் பார்த்தால் மொத்தமும் தங்கம்.

மெட்டாலிக்கே தொடாமல் மஞ்சள், பழுப்பு, வெள்ளை மட்டும் வைத்துத் தங்கத்தை ஓவியமாகவே தீட்டும் முறை ஒன்று உண்டு. போட்டிக்கு வரும் உருவங்களில் நிறையப் பார்க்கலாம். படத்தில் அபாரமாக இருக்கும். ஆனால் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெயின்ட்டிலேயே நிரந்தரமாக எழுதிவிடுவதால், விளையாட்டு மேசையில் உருவத்தைத் திருப்பி வைத்தால் அந்த மாயம் கொஞ்சம் குலைகிறது. நான் செய்தது அந்த முறையின் நிழல் கணக்கைக் கடன் வாங்கி, மினுக்கத்துக்கு மட்டும் செதில்களை வைத்துக்கொண்டது.

பக்கத்து நிறங்களுக்கு வருவோம். அங்கிக்கு முதலில் சிவப்பு என்றுதான் நினைத்திருந்தேன். துண்டுச் சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், ஏற்கெனவே சிவந்த தங்கத்தின் பக்கத்தில் சிவப்பு போட்டிக்கு நின்றது. அடர்நீலம் வைத்ததும் தங்கம் தனியாகத் தெரிந்தது. அங்கிக்குப் பளபளப்பு துளியும் இல்லாத பெயின்ட். ஈட்டிமுனை எஃகு, வாஷ் கறுப்பு. குளிர்ந்த உலோகம் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் தங்கம் எவ்வளவு சூடு என்று கண்ணுக்குப் புரியும்.

ஐவரில் தலைவனுக்குப் பழமை தெரிய வேண்டும் என்று ஒரு ஆசை. பழமை என்றாலே பச்சைக் களிம்பை அள்ளி வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. நிஹிலாக் ஆக்சைடு போன்ற பெயின்ட்கள் அதற்கென்றே வருகின்றன, செம்பிலும் வெண்கலத்திலும் அருமையாக இருக்கும். ஆனால் தங்கம் களிம்பேறாது. இடுக்கில் பச்சை வைத்த அந்த நிமிஷமே கவசம் பித்தளை ஆகிவிடும். வீரனை ஏழையாக்க வேண்டுமென்றால் செய்யலாம். நான் தலைவனுக்கு வெள்ளியைக் குறைத்து, வாஷ்ஷை ஒரு சுற்றுக் கூட்டி, விளிம்புகளில் இரண்டே இரண்டு மெல்லிய கீறல்கள் போட்டேன். கீறலுக்குள் செம்பழுப்பு, அதன் கீழ் ஓரத்தில் ஒரு இழை வெள்ளி. வயது வந்துவிட்டது.

வார்னிஷ் இல்லாமல் விட முடியாது, விளையாடும்போது விரல் படும் மேடுகளில் தங்கம்தான் முதலில் தேயும். அதே சமயம் மேட் வார்னிஷ்ஷை ஸ்பிரேயாக முழு உருவத்துக்கும் அடித்தால், கஷ்டப்பட்டு எழுப்பிய வெளிச்சம் எல்லாம் சாம்பல் பூத்துவிடும். கவசத்துக்கு அரைப் பளபளப்பான சாட்டின், அங்கிக்கு மேட், தலைக்கவசப் புள்ளிக்கும் தோள்விளிம்புக்கும் மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு தொடுகை. எல்லாமே பிரஷ்ஷால். சாட்டினை இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுத்து, ஒவ்வொன்றும் நன்றாகக் காயும்வரை கை வைக்கவில்லை.

கலந்த வெள்ளித் தங்கம் கொஞ்சம் மிஞ்சியது. அதைக் காலிக் குப்பி ஒன்றில் ஊற்றி, ஒரு எஃகு மணி போட்டு, மூடியில் கலவை விகிதத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். இதே படைக்குக் கொடி பிடிப்பவன் ஒருவன் இன்னும் பெட்டியில் இருக்கிறான், அவன் கவசமும் இதே நிறத்தில் வந்தாக வேண்டும்.